ஆற்றில் இறங்கும் குதிரை

என் அக்கா மகன் கண்டியில் த்ரீவீல் ஓட்டுகிறான். போன மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ராஜவெல்லப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அருகே உள்ள குதிரைச் சவாரி நிலையத்துக்கு ஏற்றிப் போயிருக்கிறான். வழியில் பேச்சுக் கொடுத்தால், "நான் ஈவென்டர்" என்றாளாம். கல்யாணம், பிறந்தநாள் என்று பந்தல் போட்டு, பூக் கட்டி, மைக்செட் வைத்துக் கொடுக்கிற தொழில்தான் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். திகனயில் எனக்குத் தெரிந்த ஹோல் ஒன்று இருக்கிறது, விலை பேசித் தரலாம் என்றும் சொல்லியிருக்கிறான். அவள் சிரித்த சிரிப்பு தெல்தெனிய வரைக்கும் கேட்டிருக்குமாம்.

"அப்ப அவ என்னதான் மாமா செய்றா?" என்று கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்டான். வெளியே நல்ல மழை. இரண்டு இஞ்சிப் பிளேன்டீயும் ஒரு தட்டுக் கடலை வடையும் வந்திருந்தன. பேராதனை மிருக வைத்திய பீடத்தின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்களிடம் வந்ததெல்லாம் மாடு, ஆடு, நாய், அவ்வப்போது யானை. குதிரை வந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனாலும் குதிரையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

முதலில் அவன் நினைத்தது நுவரெலியாப் பந்தயத்தை. கண்டிக்காரனுக்குக் குதிரை என்றால் ஏப்ரல் மாதம், நுவரெலியா வசந்தகாலம், தொப்பி போட்ட கூட்டம். 1875இலிருந்து ஓடுகிற மைதானம் அது. அங்கே ஓடும் குதிரைக்கு ஒரே வேலைதான்: ஓடு, முன்னாலே போ. ஈவென்டிங் அப்படி இல்லை. ஒரே குதிரை, ஒரே சவாரிக்காரர், மூன்று பரீட்சை. ஒன்றில் கெட்டிக்காரனாக இருக்க உதவுகிற குணமே அடுத்ததில் காலை வாரிவிடும். இந்த விளையாட்டின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

முதற் பரீட்சை டிரெஸாஜ். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமான மணல் தளம். அதற்குள் குதிரை நடக்கும், சீராக ஓடும், வட்டமடிக்கும், பக்கவாட்டில் சாயாமல் நகரும், நில் என்றால் நான்கு காலும் சதுரமாக ஊன்றி நிற்கும். எல்லாம் ஐந்தாறு நிமிடம். சவாரிக்காரர் வாய் திறக்கக் கூடாது. காலின் அழுத்தம், இடுப்பின் சாய்வு, கடிவாளத்தை இரண்டு விரலால் பிடிக்கிற பிடி, இவ்வளவுதான் பேச்சு. பெரஹராவில் தந்த தாதுப் பேழையைச் சுமந்து வருகிற யானையை அவனுக்கு நினைவுபடுத்தினேன். பந்தம் எரிகிறது, பறை முழங்குகிறது, சாட்டை வெடிக்கிறது, ஆயிரமாயிரம் பேர். அது பாட்டுக்கு வெள்ளைத் துணியின் மேலே ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் போகிறது. அந்த நிதானத்துக்குத்தான் டிரெஸாஜில் நடுவர்கள் புள்ளி போடுகிறார்கள். ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை.

இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. இது திறந்த வெளி. மேடு, பள்ளம், காடு, குளம். மரக்கட்டை, வேலி, பள்ளத்துக்குள் குதிக்கிற படி, தண்ணீருக்குள் இறங்கிப் பாய்ந்து ஏறுகிற கரை. உலகத்தின் மிக உயர்ந்த தரப் போட்டிகளில் ஆறரைக் கிலோமீட்டர் அளவு தூரம், நாற்பதுக்கு மேற்பட்ட தாண்டுதல்கள், நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகம். மணிக்கு 34 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். "உன் த்ரீவீல் பேராதனை வீதியில் பின்னேரம் அந்த வேகத்தைத் தொட்டிருக்கா?" என்றேன். வடையைக் கடித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினான்.

மூன்றாவது ஷோ ஜம்பிங். மறுபடியும் வேலியடைத்த தளம், வர்ணம் பூசிய தடிகள். கிராஸ் கன்ட்ரியில் தடை அசையாது, குதிரை உரசிக்கொண்டு போனாலும் பரவாயில்லை. இங்கே தடிகள் சும்மா கிண்ணத்தில் வைத்தவை. குளம்பு பட்டால் விழும். முந்தின நாள் "பயப்படாதே, பாய்" என்று சொல்லிக் கொடுத்த அதே குதிரையிடம் இன்று "பார்த்து, தொடாமல்" என்று சொல்ல வேண்டும். அதுவும் உடம்பு முழுக்க நோவோடு இருக்கிற குதிரையிடம்.

"ஏன் மாமா இப்படிப் போட்டுப் படுத்துறாங்க?"

பட்டாளத்துப் பழக்கம் என்றேன். அணிவகுப்பில் மரியாதையாக நிற்கிற குதிரை, சேதி கொண்டு காடு மேடு தாண்டுகிற குதிரை, மறுநாள் காலையிலும் வேலைக்கு எழுகிற குதிரை, மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அதிகாரி உயிரோடு திரும்புவான். 1902இல் பிரெஞ்சு இராணுவம் பாரிஸில் இதைப் போட்டியாக நடத்தியது. 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. இன்றைக்கும் ஐரோப்பாவில் சிலர் இதை 'மிலிட்டரி' என்றே சொல்கிறார்கள்.

எங்கள் ஊரிலும் குதிரை வேலை பார்த்த காலம் உண்டு. கொழும்பு–கண்டி தபால் வண்டி 1832இல் ஓடத் தொடங்கியது. அந்த வீதியைப் போட்ட கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்னும் நிற்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் பாதிப் பேர் அது என்னவென்று தெரியாமலே கடந்து போகிறார்கள். தபால் வண்டியில் ஒரு வசதி இருந்தது. குதிரை களைத்தால் அடுத்த தங்குமிடத்தில் அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரை பூட்டுவார்கள். ஈவென்டிங்கில் மாற்றுக் குதிரை கிடையாது. களைத்தாலும் அதேதான்.

பட்டாளத்து விளையாட்டு என்பதால் ஒலிம்பிக்கில் ரொம்பக் காலம் அதிகாரிகள் மட்டும்தான் ஏறலாம். 1948 லண்டனில் டிரெஸாஜ் தங்கம் வென்ற சுவீடன் அணியில் ஒருவர் உண்மையில் சார்ஜன்ட், போட்டிக்காக மட்டும் லெப்டினன்ட் பட்டம் சூட்டியிருந்தார்கள் என்று பின்னால் வெளிவந்து, பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். குதிரை அழகாகத்தான் ஆடியது, மேலே உட்கார்ந்தவரின் தோள்பட்டையில்தான் பிழை! இந்தக் கூத்துக்குப் பிறகு 1952இல் கதவு சாதாரணக் குடிமக்களுக்கும் திறந்தது. 1964 டோக்கியோவில் அமெரிக்காவின் லானா டு பொன்ட் ஈவென்டிங்கில் ஏறிய முதல் பெண். இன்று ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் போட்டியிடுகிற ஒலிம்பிக் விளையாட்டு குதிரையேற்றம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈவென்டிங் தனிநபர் தங்கத்தை ஜேர்மனியின் யூலியா கிரயேவ்ஸ்கி வென்றார். அந்தத் தங்கத்தை ஒரு பெண் வென்றது அதுவே முதல் தடவை.

கணக்கு எப்படி என்று கேட்டான். நம்ம கிரிக்கெட் மாதிரி ஓட்டம் சேர்க்கிற கணக்கு இல்லை. கடன் கணக்கு. கடைசியில் யாருக்குக் கடன் குறைவோ அவர் வென்றவர். டிரெஸாஜில் நூற்றுக்கு 72 வாங்கினால் மிச்சம் 28 உன் கடன். கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒரு தடையில் தாண்ட மறுத்தால் 20, அதே தடையில் மறுபடி மறுத்தால் இன்னும் 40, மூன்றாவது தடவை வீட்டுக்கு. சவாரிக்காரர் விழுந்தாலும் வீட்டுக்கு. குறித்த நேரத்தைத் தாண்டினால் செக்கனுக்கு 0.4. ஷோ ஜம்பிங்கில் ஒரு தடி விழுந்தால் 4.

இதைக் காகிதத்தில் படித்தால் தூக்கம் வரும். பெங்களூரு ஃபவாத் மிர்சாவின் கதையோடு பார்த்தால் வராது. அப்பா குதிரை மருத்துவர். பிள்ளை சின்ன வயதிலேயே சேணத்தில் ஏறிவிட்டார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் செனியர் மெடிகொட் என்ற குதிரையில் டிரெஸாஜில் 22.40. கிராஸ் கன்ட்ரியில் ஒரு கடனும் சேரவில்லை. கடைசி நாள் ஷோ ஜம்பிங்கில் ஒரு தடி. ஒரே ஒரு தடி. 26.40. ஜப்பானின் யொஷியாகி ஒய்வா 22.70இல் முடித்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டார். அந்தத் தடி கிண்ணத்திலேயே இருந்திருந்தால் ஃபவாத் 0.30 முன்னால் நின்றிருப்பார். கிராஸ் கன்ட்ரியில் ஒரு செக்கன் பிந்தினால் 0.4 என்று சொன்னேன் அல்லவா, அதைவிடக் குறைவு இந்த இடைவெளி. ஆனாலும் அந்த வெள்ளி சின்ன விஷயம் இல்லை. 1982 டெல்லியில் இராணுவத்தின் ரகுபீர் சிங் ஷாஜாதா என்ற குதிரையில் தங்கம் வென்றதற்குப் பிறகு, 36 வருடம் கழித்து இந்தியாவுக்குக் குதிரையேற்றத்தில் கிடைத்த தனிநபர் பதக்கம். அணிக்கும் வெள்ளி கிடைத்தது.

"டோக்கியோ போனாரா?"

போனார். இருபது வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஏறிய இந்தியர். அதே குதிரை. டிரெஸாஜில் 28.00. கிராஸ் கன்ட்ரிக்குக் குறித்த நேரம் 7 நிமிடம் 45 செக்கன். இவர் 28 செக்கன் பிந்தினார். ஒவ்வொரு செக்கனுக்கும் 0.4 போட்டுப் பார், 11.20. ஆகமொத்தம் 39.20. ஷோ ஜம்பிங் முதற் சுற்றில் இரண்டு தடி, 8. இப்போது 47.20. இறுதிச் சுற்றுக்கு 25 பேர்தான், இவர் 25வது ஆளாக நுழைந்தார். அதில் மூன்று தடியும் ஒரு செக்கனும், 12.40. முடிவில் 59.60, 23வது இடம். மருமகன் கைப்பேசியில் கூட்டிப் பார்த்து, சரியாக வருகிறது என்றான். பில் போடுகிற பழக்கம்.

அந்தக் கூட்டலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கிராஸ் கன்ட்ரியில் நேரக் கடன் மட்டும்தான், மறுப்புக் கடன் இல்லை. அத்தனை தடையிலும் குதிரை ஒருமுறைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. பதக்கப் பட்டியலில் இது வராது.

குதிரை மாட்டேன் என்பதற்கு எல்லா நியாயமும் உண்டு. அதன் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட சுற்றிவரப் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் ஒன்றும் தெரியாது. தூரத்தில் வரும்போது தடையைக் கணக்குப் பண்ணிக்கொள்கிறது. எழும்பிப் பாய்கிற கடைசிக் கணத்தில் அந்தத் தடை அதன் பார்வையிலேயே இல்லை. ஞாபகத்தைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள். அதுவாவது பரவாயில்லை, தண்ணீரைப் பார். எவ்வளவு ஆழம் என்று குதிரைக்குத் தெரியாது. ஆடி அசைகிற, வெளிச்சம் மின்னுகிற ஒரு பரப்பு. அடியில் தரை உண்டா இல்லையா? இரைக்காக வேட்டையாடப்பட்டே வளர்ந்த சாதிக்கு இப்படிப்பட்ட இடத்தில் கால் வைக்காமல் இருப்பதுதான் புத்தி.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று நம் ஆட்கள் கேட்பார்கள். மண் குதிர், அதாவது ஆற்றுக்குள் இருக்கிற மணல்மேடுதான் நாக்கில் புரண்டு மண்குதிரை ஆகிவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும், மேடு என்று நம்பிக் கால் வைத்தால் சரிந்துவிடும். எப்படியானாலும் பழமொழியில் ஆள் நம்புகிறான். ஈவென்டிங்கில் அது தலைகீழ். இங்கே நம்புவது குதிரை. மேலே இருக்கிறவர் சொல்கிறார், அது இறங்குகிறது. அதனால்தான் நல்ல சவாரிக்காரர்கள் குட்டிக் குதிரையை முதலில் முழங்கால்கூட நனையாத தண்ணீரில், பழகின மூத்த குதிரைக்குப் பின்னால் நடத்திக் கூட்டிப் போவார்கள். அவசரப்பட்டு ஒரு தடவை ஆழத்தில் இறக்கிப் பயங்காட்டிவிட்டால், அதைச் சரிக்கட்ட மாதக் கணக்கில் ஆகும்.

இந்த நம்பிக்கையை மனிதர்கள் எப்போதும் காப்பாற்றுவதில்லை. அசையாத தடையில் குதிரையின் நெஞ்சோ முழங்காலோ முட்டினால் குட்டிக்கரணம் போட்டு விழும். ஐந்நூறு கிலோ. கீழே சவாரிக்காரர். குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வதெல்லாம் அங்கே வேடிக்கை இல்லை, ஆட்கள் செத்திருக்கிறார்கள். இப்போது பல தடைகளில் பலமாக முட்டினால் மேற்கட்டை கீழே இறங்குகிற மாதிரி முறியும் ஊசி வைக்கிறார்கள். ஊசி முறிந்தால் 11 கடன். டோக்கியோவில் சுவிஸ் அணியின் ஜெட் செட் என்ற குதிரை கிராஸ் கன்ட்ரியில் கால் காயப்பட்டு, காப்பாற்ற வழியில்லாமல் கருணைக்கொலை செய்யப்பட்டது. இதைச் சொன்னபோது மருமகன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். நான் இந்த விளையாட்டை ரசிக்கிறவன்தான். ஆனால் இந்த இடத்தில் எனக்கும் நல்ல பதில் இல்லை.

பழைய காலத்தில் இதைவிட மோசம். கிராஸ் கன்ட்ரி நாளன்று முக்கியப் பாய்ச்சலுக்கு முன்னாலேயே கிலோமீட்டர் கணக்கில் வீதி ஓட்டமும், வேலி தாண்டும் வேகப் பந்தயமும் இருந்தன. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் அவற்றை வெட்டினார்கள். டோக்கியோவில் வெக்கைக்குப் பயந்து காலையிலேயே கிராஸ் கன்ட்ரியைத் தொடங்கினார்கள். முடித்து வருகிற குதிரைக்கு ஐஸ் தண்ணீர், பெரிய மின்விசிறி. சும்மா நிற்கிற குதிரையின் இதயம் நிமிடத்துக்கு முப்பது நாற்பது தடவைதான் துடிக்கும். பாய்ச்சலில் இருநூறைத் தாண்டிவிடும். இறக்குவதற்குத்தான் ஆள் வேண்டும்.

என் பழைய தொழிலுக்குக் கிட்டத்தில் வருகிற கட்டம் ஒன்று இருக்கிறது. டிக்கட் வாங்கி வந்தவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. போட்டி தொடங்குமுன்னும், கிராஸ் கன்ட்ரிக்கு மறுநாள் ஷோ ஜம்பிங்குக்கு முன்னும், மிருக வைத்தியர் முன்னால் குதிரையைச் சேணமில்லாமல் கையில் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். மாணவர்களுக்கு எங்கள் பீடத்தில் சொல்லிக் கொடுத்தது எனக்கு இன்னும் மனப்பாடம்: காலைப் பார்க்காதே, தலையைப் பார். முன்காலில் நோவென்றால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே வரும். தேறாத குதிரைக்கு அத்தோடு போட்டி முடிந்தது, நேற்று முதலிடத்தில் இருந்தாலும் சரி.

"நம்ம நாட்டில யாராவது?" என்றான்.

ஈவென்டிங்கில் இல்லை. அதன் மூன்றாம் பரீட்சையான ஷோ ஜம்பிங்கில் ஒருவர் உண்டு, மத்தில்டா கார்ல்சன். இலங்கையில் பிறந்து, கைக்குழந்தையாகச் சுவீடன் தம்பதியருக்குத் தத்துப் போனவர். இலங்கைக் கொடியின் கீழ் டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார். தகுதிப் புள்ளிகளில் ஒரு சிக்கல் வந்து இடம் பறிபோய்ப் பிறகு கிடைத்தது. ஷோப்பன் என்ற குதிரையில் ஏறினார். இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. ஒலிம்பிக்கில் குதிரையேறிய முதல் இலங்கையர் அவர்தான். அந்த வருடம் கண்டியில் எத்தனை பேருக்கு இது தெரிந்தது? எனக்கே பேப்பரில் ஒரு மூலையில்தான் கண்ணில் பட்டது.

கவனித்துப் பார், ஃபவாத் ஜேர்மனியில் பயிற்சி எடுத்தார், மத்தில்டாவும் ஐரோப்பாவிலேயே இருக்கிறவர். காரணம் திறமை மட்டும் இல்லை. குதிரைக்குக் கடவுச்சீட்டு உண்டு, இரத்தப் பரிசோதனை உண்டு, தனிமைப்படுத்தல் உண்டு. 1956 ஒலிம்பிக் மெல்பேர்னில். ஆனால் அவுஸ்திரேலியாவின் தனிமைப்படுத்தல் சட்டத்தால் குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டொக்ஹோமில் வைத்தார்கள். மனிதர் ஒரு கண்டத்தில், குதிரை இன்னொரு கண்டத்தில்! வாராவாரம் போட்டி நடக்கிற இடத்தில்தான் குதிரை தேறும். பிறகு புல்வெளி, லாடக்காரர், வைத்தியர், காசு. ராஜவெல்லயில் பிள்ளைகள் சவாரி பழகலாம், அதுவே நல்ல விஷயம். அங்கிருந்து கிராஸ் கன்ட்ரித் திடல் வெகு தூரம்.

நம் பக்கத்தில் குதிரை தேறாதது இன்றைய கதையும் இல்லை. பாண்டியன் அரேபியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கினான். மாணிக்கவாசகர் மந்திரியாகப் பொன்னை எடுத்துக்கொண்டு போனதே குதிரை வாங்கத்தானே? 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, இவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, வாங்கிய குதிரைகள் பெரும்பாலும் செத்துப்போகின்றன என்று எழுதிவைத்தார். வாங்கினவன் வேறு, வளர்க்கத் தெரிந்தவன் வேறு.

"நெடுந்தீவில சும்மா திரியுதே மாமா, அதைப் பிடிச்சுப் பழக்கினா?" என்றான். சிரித்தேன். அவை காட்டுக் குணம் ஏறிப்போன சின்னக் குதிரைகள், அவற்றின் பாட்டில் இருக்கட்டும். ஆனால் சின்னது என்பதற்காக யாரையும் ஒதுக்காதே. நியூசிலாந்தின் மார்க் டொட் 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றது கரிஸ்மா என்ற குதிரையில். தோள் உயரம் 160 சென்ரிமீட்டர்தான். சவாரிக்காரரோ ஆறடிக்கு மேல். ஏறி உட்கார்ந்தால் கால் தொங்கும்.

மழை விட்டிருந்தது. காசைக் கொடுக்கப் போனேன், விடவில்லை. சனிக்கிழமை அந்தப் பெண் மறுபடி வரச் சொல்லியிருக்கிறாளாம். வரும்போது குதிரைக்குக் கொஞ்சம் கரட் வாங்கி வா, நீயே கொடுத்துப் பார் என்றும் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு உள்ளுக்குள் பயம்.

"கடிக்குமா மாமா?"

"வேணும்னு கடிக்காது. மூக்குக்குக் கீழே இருக்கிறது அதுக்குத் தெரியாது, உதட்டாலயும் மீசை முடியாலயும் தடவித்தான் கண்டுபிடிக்கும். உன் விரல் எது, கரட் எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? உள்ளங்கையை நல்லா விரிச்சு, கட்டைவிரலை ஒட்டி வெச்சுக்கிட்டு நீட்டு. முன்னால இருந்து போகாத, தோள் பக்கமா போ. போகும்போது ஏதாவது பேசிக்கிட்டே போ."

"என்ன பேச? சிங்களத்திலயா, இங்கிலீஷ்லயா?"

"தமிழ்லயே பேசு."